கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பினத் தாய் ஒருவர், பள்ளிப்படிப்பை முடித்த மகனோடு ஆலோசனைக்கு வந்தார். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை போக மீதியை, கூட்டரசு பெற்றோருக்குத் தரும் ‘பேரண்ட் பிளஸ்’ கடனாகத் தாமே வாங்கலாமா என்பது அவர் கேள்வி. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக அவன் வரவேண்டும் என்று உறவினர்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்றே சொன்னேன். அந்தக் கடன் தாயின் பெயரிலேயே நிற்கும். மகன் சம்பாதிக்கத் தொடங்கினாலும் கூட்டரசு அதை அவன் பெயருக்கு மாற்றித் தராது. படிப்பு பாதியில் நின்றாலும் கட்டியே தீரவேண்டும். அதோடு, மைக்ரோவேவும் டோஸ்டரும் ஒரே சர்க்யூட்டில் ஓடுவதால்தான் அத்தை வீட்டில் பிரேக்கர் விழுகிறது என்று விளக்கியபோது பையனிடம் இருந்த தெளிவு, சேரவிருக்கும் பாடத்தைப் பற்றிக் கேட்டபோது இல்லை.

அவனுக்கு நான் காட்டிய வழி, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு அங்கீகரிக்கும் தொழிற்பயிற்சி. மின்பணியாளர் சங்கமான ஐபிஇடபிள்யூவும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்தும், பெரும்பாலும் ஐந்தாண்டு நீளும் பயிற்சியில், பகலில் கட்டடங்களில் குழாய் பதித்துக் கம்பி இழுத்து ஏறத்தாழ 8,000 மணி நேரம் வேலை கற்பதோடு, வகுப்பில் மின்சுற்றுக் கணக்கும் பாதுகாப்பு விதிகளும் படிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு. தேர்ந்த பணியாளர் ஊதியத்தின் ஒரு பங்காகத் தொடங்கி, படிப்படியாக ஏறும்.

சங்கங்கள் நம்மவரைச் சேர்த்ததே இல்லையே என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டடத் தொழிலில் அந்தக் கதவைத் திறக்க 1969இல் ‘பிலடெல்பியா திட்டம்’ என்ற அரசாணையே தேவைப்பட்டது. வேலைக்குத் தொடர்பில்லாத பள்ளிச் சான்றிதழைக் கேட்டுக் கறுப்பினத் தொழிலாளரை ஒதுக்கியது சட்டவிரோதம் என்று டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1971இல்தான். எனவே, எத்தனை கறுப்பின இளைஞர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பயிற்சி மையத்தில் நேராகக் கேளுங்கள்; மழுப்பினால் வேறு மையம் தேடுங்கள்.

இப்போது மேரிலாந்து அரசே 2022 முதல் ஆயிரக்கணக்கான பணிகளுக்குப் பட்டம் கேட்பதை நிறுத்தியிருக்கிறது. உறவினர்களிடம் இதையும் சொல்லலாம். பையன் செய்யவேண்டியது, இயற்கணிதத்தை மறுபடி எடுத்துப் படிப்பது. தொழிற்பயிற்சிக்கான நுழைவுத் தேர்வில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.