ஆத்தா கட்டிலை விட்டு இறங்கலாமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 79 வயது. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பாதி மூட்டு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் ஆகிறது, வாக்கர் பிடித்து நடக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கேமராவில் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது, கட்டிலிலேயே இருக்கட்டும்" என்கிறான். ஆத்தாவோ திண்ணைக்குப் போகணும், நடுவீட்டுக் கோலம் போடணும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தம்பியின் பயம் நியாயம்தான். ஒரு முறை இடுப்பு முறிந்தவர்களுக்கு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். ஆனால் கட்டில் பத்திரமான இடம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நோயில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அப்புறம் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. தசை வற்றிய கால்தான் கழிவறைக்கு எழும்போது மடங்கும்.

காரைக்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பவள் நான். முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து அதற்கும் உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டு என்று நம் வீடுகளில் கதவுக்குக் கதவு உயரமான நிலைப்படி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லோ சாரல் பட்டாலும் எண்ணெய் சிந்தினாலும் வழுக்கும். தச்சரைக் கூப்பிட்டு, ஆத்தா புழங்கும் நிலைப்படிகளுக்கு இருபுறமும் பலகைச் சாய்தளமும் சுவரில் பிடிமானக் கம்பியும் போடச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். ரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கும் மேல் இறங்கினால், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், முக்கியமாகத் தூக்க மாத்திரையை.

திண்ணைக்குத் தாராளமாகப் போகட்டும். படியில் வாக்கர் வேண்டாம். கைப்பிடியும் துணைக்கு ஆளும் போதும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். திண்ணை தாழ்வாக இருந்தால் உயரமான நாற்காலி போடுங்கள். தெருவில் போகிற நாலு பேரிடம் பேசுவதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் நடப்பார். அந்தக் காரணத்தைப் பறித்துவிட்டால், நான் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியை யாருக்காகச் செய்வார்?

கோலம் வேறு விஷயம். தரையில் உட்கார்ந்து குனிந்தால் மாற்றிய மூட்டு நழுவக்கூடும். ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது, இதில் நான் கண்டிப்பு. அதுவரை வீட்டில் யாராவது மாவுக் கோலம் இழுக்கட்டும், ஆத்தா நாற்காலியில் இருந்து இழை இழையாகச் சொல்லிக் கொடுக்கட்டும். அதுவும் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு.

தம்பி அடுத்த முறை போன் செய்யும்போது ஆத்தாவிடமே பேசச் சொல்லுங்கள். விழக்கூடும் என்று தெரிந்தும் எதற்காக நடக்க ஆசைப்படுகிறார் என்று தம்பி கேட்கட்டும். ஆத்தா சொல்வதை எழுதி உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள். எந்தப் பயிற்சியை முதலில் தொடங்குவது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.