பழைய கணினியில் ஓடும் விளையாட்டுகளைத் தேடுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு வேலைக்கு இருந்து, இப்போது கோபியில் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 கணினியில் பிள்ளைகள் என்ன விளையாடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விளையாடலாம், ஆனால் விளையாட்டைத் தேடுவதற்கு முன் கணினியின் திறனை அறிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால், ப்ராசஸர், ரேம், திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப் ஆகியவற்றின் விவரம் வரும். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. தடையாக இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே, கணினி தயாரான ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்பு வெளிவந்த விளையாட்டுகளையே தேடுங்கள்.

கணினி விளையாட்டுகளை வாங்கித் தரவிறக்கப் பலரும் பயன்படுத்தும் ஸ்டீம் செயலி 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐ ஆதரிப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஜிஓஜி தளத்தில் வாங்கும் பழைய விளையாட்டுகளின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, இணையமின்றியே நிறுவலாம். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்காக 1990-களில் வந்த விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

என் முதல் பரிந்துரை ஓப்பன்டிடிடி. 2004இல் வெளிவந்த இந்த இலவச விளையாட்டில் தண்டவாளம் போட்டு, சிக்னல் வைத்து, சரக்கு ஏற்றி ஒரு போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தலாம். ஈரோடு ஜங்ஷனில் ரயில் பார்த்து மகிழும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். புதிய பதிப்பு திணறினால் பழைய பதிப்பை நிறுவுங்கள். பென் டிரைவில் கைமாறி வரும் திருட்டுப் பிரதிகளை மட்டும் தொடவே வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வைரஸ் எளிதில் புகுந்துவிடும்.