பழைய உருவப்படங்களில் இருக்கும் துணி பட்டா, வெல்வெட்டா, கம்பளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை முதலில் விட்டுவிடுங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சாட்டினில் (பளபளப்பாக நெய்த துணி, பழைய படங்களில் பெரும்பாலும் பட்டு) மடிப்பின் மேட்டில் பளிச்சென்று ஒரு கோடு ஓடும். பக்கத்திலேயே நிழல் சட்டென்று இறங்கும். வெல்வெட் இதற்கு நேர் எதிர். நம்மை நேராகப் பார்க்கும் பகுதி கறுத்திருக்கும், மடிப்பு வளைந்து திரும்பும் ஓரம்தான் மின்னும். நிமிர்ந்து நிற்கும் இழைகள் நேரே வரும் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதுதான் காரணம். கம்பளியில் பளபளப்பு குறைவு, மடிப்பு தடித்து உருண்டு விழும். ஆளிச்செடி நாரில் நெய்த மெல்லிய லினன் என்றால் அடியில் உள்ள தோல் நிறம் தெரியும்.

பழகிப் பார்க்க, இத்தாலிய ஓவியர் பிரோன்சினோ 1545 வாக்கில் வரைந்த, புளோரன்ஸ் ஆட்சியாளரின் மனைவி எலியனோராவின் படத்தைச் சொல்வேன். புளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைச் சாட்டின், கறுப்பு வெல்வெட்டில் கொடி வேலைப்பாடு, மேலெழும்பி நிற்கும் பொன்னிழை வளையங்கள், மூன்றும் ஒரே உடையில்! பெரிதாக்கிப் பாருங்கள், பொன் வளையங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆனால் ஓவியத்தை அப்படியே ஆதாரமாக எடுக்காதீர்கள். இந்த உடையிலேயே எலியனோராவை அடக்கம் செய்ததாக நெடுநாள் நம்பினார்கள். கல்லறையில் கிடைத்ததோ வெல்வெட் பட்டை வைத்த வேறொரு சாட்டின் உடை. அப்புறம், சாட்டின் என்பது நெசவு. அது எந்த நாரில் நெய்தது என்பதைப் படம் சொல்லாது. அதற்கு அந்தக் காலத்து உடைமைப் பட்டியல்களையும், எஞ்சியிருக்கும் துணிகளையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.