பால்வாடி டீச்சரிடம் கேளுங்கள்: "எம் புள்ள எல்லாம் சொல்லும்!"

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி கேள்வியே இல்லை, "என் பிள்ளை இதெல்லாம் செய்யுது டீச்சர்" என்ற பெருமைதான். நல்லது. பெருமைப்படாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? எதற்குப் பெருமைப்படுகிறோம் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் கொஞ்சம் வழக்கு.

கொருக்குப்பேட்டை, 4 வயது மகளின் அம்மா: பாப்பா நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவா. ஆனா நாத்தனார் வீட்டுக்காரங்க வந்தப்போ "சொல்லும்மா"ன்னா என் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. மானமே போச்சு டீச்சர்.

மானம் எங்கேயும் போகவில்லை அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் முன்னால் உடனே நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர்களோடு கொஞ்சம் பழகட்டும், அப்புறம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசுவாள்.

நூறு வரை சொல்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. சாப்பிட உட்காரும்போது "ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள். நாலு பேருக்கு நாலு வருகிறதா? பத்துப் புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு விரல் ஒரு கொட்டையிலேயே இருக்கும், வாய் மூன்று எண்ணைத் தாண்டிப் போயிருக்கும். முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்றால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது ஒருநாள் பிடிபடும். அன்றைக்கு நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், பாப்பா காதில் விழுகிற மாதிரி.

காசிமேடு, மூன்றரை வயது மகனின் அப்பா: விசைப்படகுல தங்கல் போறவன், கடல்லயே நாலஞ்சு நாள் இருப்பேன். திரும்பி வந்தா பையன் மொதல்ல கிட்ட வர்றதில்ல. இப்ப மீன்பிடித் தடைக்காலம், வீட்டுலதான் இருக்கேன். எனக்குப் படிப்பு கம்மி. என்ன சொல்லித் தர்றது?

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் இருக்கிறது. கிட்ட வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் நாலைந்து நாள் பிரிவே நீளம்தான். வந்ததும் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பாருங்கள், அவனே வந்து இழுப்பான்.

சொல்லித்தர உங்களிடம் இல்லாததா? தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகு மீன் இப்போதும் வருகிறதே. வாங்கிவந்த மீனைத் தட்டில் கொட்டி, சங்கரா ஒரு பக்கம், காரப்பொடி ஒரு பக்கம் என்று அவனைப் பிரிக்கச் சொல்லுங்கள். அடுத்து பெரிசு, சிறிசு. அதற்கப்புறம் எது நிறைய இருக்கிறது என்று கேளுங்கள். காசு வாங்கும் நர்சரிகளில் கலர் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். நானும் பால்வாடியில் "மீ" எழுத்துக்கு மீன் படம் காட்டியவள். உங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, "இது என்ன மீன் டீச்சர்?" என்றான். உற்றுப் பார்த்தேன். அச்சடித்தவர் எந்த மீனையும் வரையவில்லை, பொதுவாக ஒரு மீனை வரைந்திருந்தார். வாலைக் காட்டி, செவுளைக் காட்டி, இது வஞ்சிரமும் இல்லை வவ்வாலும் இல்லை என்று அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். அதைச் சொல்லிக்கொடுத்த அப்பனும் உங்களை மாதிரி கடலுக்குப் போகிறவர்தான்.

வியாசர்பாடி, இரண்டரை வயது மகனின் அம்மா: பார்க்குல மத்த பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து மண்ணுல விளையாடுறான். ஆனா அவங்களோட சேர மாட்டேங்குறான். பழகத் தெரியலையோ?

பக்கத்தில் உட்கார்கிறான் இல்லையா, அதுதான் பழக்கத்தின் முதல் படி. 1932-லேயே மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எழுதிவைத்திருக்கிறார்: முதலில் தனியாக, பிறகு வேடிக்கை பார்த்து, பிறகு பக்கத்துப் பக்கத்தில், கடைசியாகத்தான் கூட்டு சேர்ந்து. கொட்டாங்குச்சி மட்டும் இரண்டு கொடுத்து அனுப்புங்கள்.

எர்ணாவூர், இரண்டரை வயது மகளின் அம்மா: ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டேங்குறா. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"னு மாமியார் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

வேண்டாம் அம்மா. இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல் சேர வேண்டும். மாமியார் சொல்வதுபோல் தானாகவே பேசிவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் உங்கள் பிள்ளை அதில் ஒன்றா என்பது வீட்டில் உட்கார்ந்தபடி தெரியாது. முதலில் காது கேட்கும் சோதனை. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம் என்றால் அங்கேயும் காட்டலாம். இந்த வாரமே. அதுவரை செல்போனைக் குறையுங்கள். 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, 3 வயது மகளின் அம்மா: வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். "நாக்கு வாட்டர் காவாலி"ங்குறா. குழம்பிட மாட்டாளா?

தண்ணீர் கிடைத்ததா? அப்போது குழப்பம் இல்லை. வீட்டில் தெலுங்கை முழுசாகப் பேசுங்கள், கதையும் தெலுங்கிலேயே சொல்லுங்கள். யாரிடம் எது என்று அவளே பிரித்துக்கொள்வாள்.

புதுவண்ணாரப்பேட்டை, 5 வயது மகனின் அப்பா: கேரம்ல கை நல்லா வருது. தெருவே "அடுத்த காசிமா"ன்னுது. கோச்சிங் சேர்க்கட்டுமா?

2024-ல் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பேட்டையிலிருந்து போனவள் என்றால் ஆசை வராமல் இருக்குமா? சேருங்கள், ஆனால் "அடுத்த காசிமா" என்ற பட்டம் வேண்டாம். 1998-ல் முல்லர், ட்வெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டு வாங்கியவர்களில் பலர் அடுத்து சுலபமானதையே தேடினார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் கடினமானதை எடுத்தார்கள். பெயரைக் காப்பாற்றும் பயம் பிள்ளைக்கும் உண்டு.

"ஸ்ட்ரைக்கரை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாயே, அப்புறம்தான் விழுந்தது" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், ரெட் காயைப் போட்டு, ஃபாலோவாக அடுத்த காயைப் போட முடியாமல், ரெட் திரும்ப நடுவுக்கு வரும்போது போர்டைத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருக்கிறானே, அன்றைக்குத்தான் ஒரு பிரியாணி வாங்கித் தரலாம்.

கொடுங்கையூர் அம்மா: எல்கேஜி. எழுத்தைக் கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பி எழுதுறா. மிஸ் திட்டுறாங்க.

இந்த வயதில் சகஜம், ஆறேழு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். நோட்டை மூடிவிட்டு ஸ்லேட்டும் பல்பமும் கொடுங்கள். ட, ப, ம என்று சுலபமான எழுத்துகள் முதலில். "அ"வும் "இ"யும் விரலுக்குப் பெரிய வேலை, பொறுத்து வரட்டும். சப்பாத்தி மாவு பிசையவிட்டால் கைக்குப் பலம் வரும். மிஸ்ஸிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம்.

ராயபுரம், 4 வயது மகளின் அப்பா: பொண்ணு ஆடுறதையெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்கிறேன். தப்பா?

அவளைக் கேட்டீர்களா? நாலு வயதுக்கு "வேண்டாம்ப்பா" என்று சொல்லத் தெரியும். அழுவதையும் குளிப்பதையும் மட்டும் கேட்கவே வேண்டாம், போடாமலே விட்டுவிடுங்கள்.

திருவொற்றியூர், 5 வயதுப் பேத்தியின் தாத்தா: ரேஷன் கடையில எனக்குத் தெரிஞ்சவர் முன்னால நின்னார். அவரோட போய்ச் சேர்ந்துக்கிட்டேன். பேத்தி சத்தமா, "தாத்தா, லைன்ல வாங்க"ங்குறா. எல்லாரும் சிரிச்சாங்க. பெருமைப்படறதா, கண்டிக்கறதா?

ஐயா, இந்த வயதில் விதி என்றால் விதிதான், தாத்தாவுக்கென்று தனிச் சலுகை கிடையாது. பால்வாடியில் சறுக்குமரத்துக்கு முன்னால் நின்று நின்று கற்றது அது. பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பின்னால் போய் நின்றீர்களா இல்லையா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே?