12 நாளாக ஸ்ப்ரே அடிக்கிறேன், மூக்கு ஏன் மறுபடி அடைக்கிறது?

கேள்வி: எனக்கு 48 வயது, ஊர் மதுரை. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் பிடித்த ஜலதோஷம் இன்னும் விட்டபாடில்லை. மூக்கடைப்பு, பசை மாதிரி கெட்டிச் சளி. சிந்தினால் வருவதில்லை, தொண்டைக்குள் இறங்கி நிற்கிறது. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ‘ரினோஃப்ளூயிமுசில்’ என்ற ஸ்ப்ரேயைக் கொடுத்தாள். அடித்த பத்தாவது நிமிடம் மூக்கு திறந்துகொண்டது. இன்றோடு 12 நாள். இப்போது அது இல்லாமல் ராத்திரி தூங்க முடியவில்லை. தொடரலாமா? 9 வயது மகனுக்கும் இதே தொந்தரவு, அவனுக்கும் அடிக்கலாமா? பெட்டிக்குள் இருக்கும் தாள் முழுக்க ரஷ்ய மொழியில் இருக்கிறது.

பதில்: மகனுக்கு வேண்டாம். உங்களுக்கும் இது நீண்டுவிட்டது, நிறுத்த வேண்டிய நேரம். அந்தத் தாளை உங்களால் படிக்க முடிந்திருந்தால் ‘ஒரு வாரத்துக்கு மேல் கூடாது’ என்பது அதிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் மகள் கொடுத்தது மோசமான மருந்து இல்லை. ஸாம்போன் என்ற இத்தாலிய நிறுவனத்தின் தயாரிப்பு. ஐரோப்பாவின் பல நாடுகளில் பழக்கமானது. ஒரே பாட்டிலுக்குள் இரண்டு மருந்துகள், இரண்டுக்கும் வேலை வேறு வேறு. குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான்.

முதலாவது அசிட்டைல்சிஸ்டீன், 1 சதவீதம். நம் ஊர் மருந்துக்கடையில் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையாக, மியூசினாக் போன்ற பெயர்களில் கிடைப்பது இதேதான். பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டவர்களுக்கு விஷமுறிவு மருந்தாகக் கொடுப்பதும் இதையே. ஸ்ப்ரே பாட்டிலைத் திறந்தபோது லேசாக அழுகிய முட்டை வாடை வந்ததா? மருந்து கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் கந்தகம் இருக்கிறது, வேலை செய்வதும் அந்தக் கந்தகம்தான். சளியில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் பசையாக்குவது நீள நீளமான மியூசின் என்ற புரத இழைகள். அவை ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்புகளால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் அந்த முடிச்சுகளை அவிழ்க்கிறது. வெண்டைக்காய் வதக்கும்போது ஒரு கரண்டி மோர் விட்டால் கொழகொழப்பு அறுந்துபோகும் இல்லையா? வேதியியல் வேறு என்றாலும் கண்ணுக்குத் தெரியும் பலன் ஏறக்குறைய அதுதான். சளி இளகும், சிந்தினால் வரும்.

இரண்டாவது டுவாமினோஹெப்டேன், அரை சதவீதம். இது சளியைத் தொடுவதே இல்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பத்து நிமிடத்தில் உங்கள் மூக்கைத் திறந்தது இதுதான்.

‘மூக்கு அடைத்திருக்கிறது’ என்றால் உள்ளே சளி நிரம்பிக் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதி நேரம் அது உண்மையில்லை. மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்று மூன்று சதை மேடுகள் உண்டு. ஸ்கேனைப் பார்த்துவிட்டு ‘சதை வளர்ந்திருக்கு’ என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அடியில் இருக்கும் பெரிய மேட்டைத்தான். அது பஞ்சு மாதிரி. உள்ளே ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். ஆரோக்கியமான மூக்கில்கூட சில மணி நேரத்துக்கு ஒருமுறை வலது, இடது என்று மாறி மாறி உப்பிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் இதனால்தான். சிந்திச் சிந்தி மூக்கு சிவந்ததே தவிர ஒன்றும் வரவில்லை, ஆனாலும் அடைத்திருக்கிறது என்றால் அது வீக்கம். வீக்கத்தைச் சிந்தி வெளியேற்ற முடியாது.

இந்த வீக்கத்தைச் சுருக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. இங்கே விற்கும் ஆட்ரிவின் (சைலோமெட்டாசோலின்), நாசிவியான் (ஆக்சிமெட்டாசோலின்) இரண்டும் இந்த வகைதான். அதனால் ரஷ்ய பாட்டிலை வைத்துவிட்டு ஆட்ரிவின் வாங்கி அடித்தால் எதுவும் மாறப்போவதில்லை. நாலைந்து நாள் வரை குழாய்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்பைவிட அதிகமாக உப்பும். நீங்கள் மறுபடி அடிப்பீர்கள், அது மறுபடி உப்பும். முதல் வாரத்தில் உங்கள் மூக்கை அடைத்தது ஜலதோஷம். 12-ஆம் நாளில் அடைப்பதில் ஸ்ப்ரேக்கும் ஒரு பங்கு இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், மருந்து பெயரைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒன்று, பேன்ட் பையிலிருந்து ஒன்று, வண்டிச் சாவி தொங்கும் சின்னப் பையிலிருந்து ஒன்று என்று மூன்று பாட்டிலை மேசைமேல் எடுத்து வைத்தார். ஆறு வருடப் பழக்கம். ‘சாப்பாடு இல்லாமல்கூட இருந்துடுவேன் டாக்டர், இது இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்’ என்றார். நீங்கள் அந்த இடத்துக்கு வரவில்லை. 12 நாள் என்பது எளிதாகத் திரும்பி வரக்கூடிய தூரம்.

நிறுத்துவதற்கு முன் பிபி விஷயம். டுவாமினோஹெப்டேன் மூக்கோடு நிற்காது. கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகும், பிபியை ஏற்றும், படபடப்பு தரும். அட்டெனோலால், மெட்டோப்ரொலால், ப்ரொப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆகாது. கண்ணில் குறுகிய கோண கிளாக்கோமா (ஒரு வகைக் கண் அழுத்த நோய்), தைராய்டு அதிகச் சுரப்பு, பக்கவாதம் வந்த வரலாறு, மன அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் என்று இருந்தாலும் தொடக்கூடாது. புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைக்கலாம். ஆகவே இந்த வாரமே ஒருமுறை பிபி பார்த்துவிடுங்கள். (போட்டிகளில் ஓடுகிற, விளையாடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு உபதகவல்: டுவாமினோஹெப்டேன் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மூக்குக்கு அடித்த ஸ்ப்ரேயால் மெடல் போன கதையாகிவிடும்.)

சரி, எப்படி நிறுத்துவது? ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று ராத்திரி கஷ்டப்படும், அப்புறம் மெல்லச் சரியாகும். பிபி கூடியிருந்தால் இந்த வழிதான், வேறு யோசனை வேண்டாம். பிபி சரியாக இருந்தும் அவ்வளவு பொறுக்க முடியாது என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். வலது பக்கத்துக்கு மருந்தே கிடையாது, இடது பக்கத்துக்கு ராத்திரி மட்டும் ஒரு தடவை. சில நாளில் வலது பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். அதன்பிறகு இடது பக்கத்தையும் விட்டுவிடலாம். இந்த நாட்களில் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை டாக்டர் எழுதித் தருவார். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம், மூக்குக்கு அடிக்கும் அளவு மிகக் குறைவு. ஆனால் அது பத்து நிமிட மருந்து இல்லை. பலன் தெரிய சில நாள், முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ‘ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேட்கலை’ என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தாலும் ராத்திரி அடைப்பு கொஞ்சம் குறையும்.

இங்கே ‘காம்பினேஷன் ஸ்ப்ரே’ என்று கேட்டால் மருந்துக்கடைக்காரர் டுவோனேஸ் மாதிரி ஒன்றை எடுத்துத் தரலாம். அதில் இருப்பது ஃப்ளூட்டிகசோனும் அசெலாஸ்டினும். அலர்ஜிக்கு, தும்மலுக்கு, மூக்கு அரிப்புக்கு. தொண்டையில் கசக்கும். கெட்டிச் சளியை அது கரைக்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று ஆகிவிடாது.

அப்படியானால் கெட்டிச் சளிக்கு என்ன? உப்புத் தண்ணீர். இதைச் சொன்னால் ‘இதுக்காகவா டாக்டரிடம் வந்தோம்’ என்கிற மாதிரி பார்ப்பார்கள். ஆனாலும் உங்களுக்கு நான் முதலில் எழுதுவது அதைத்தான். நாள் கணக்கு கிடையாது, பிபிக்கு பயமில்லை, ஒன்பது வயதுப் பையனுக்கும் ஆகும். மூக்கின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூக்கின் முன்பகுதியில் ஒரு சாக்கரின் துணுக்கை வைத்தால் நல்ல மூக்கில் 20 நிமிடத்துக்குள் தொண்டையில் இனிக்கும். நாங்கள் செய்யும் பழைய சோதனை அது. சளி காய்ந்து இறுகினால் இந்த ஓட்டம் தேங்கிவிடும். உப்புத் தண்ணீர் சளியை ஈரமாக்கி அந்த ஓட்டத்தைத் திரும்ப ஓடவைக்கிறது.

கடையில் கிடைக்கும் சலைன் ஸ்ப்ரே போதும். மூக்கைக் கழுவும் பாட்டில் வாங்கினால் இன்னும் நல்லது. 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது. பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் மூளையைத் தாக்கிய அமீபா நோய் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த வகை அமீபா குடித்தால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுகிறது.

இனி, எந்த ஸ்ப்ரேயாக இருந்தாலும் அடிக்கும் விதம். ‘அடித்துக் காட்டுங்கள்’ என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் தலையை அண்ணாந்து, பாட்டிலை நேராக மேலே பார்த்து வைத்து, ‘ஸ்ஸ்’ என்று பலமாக உறிஞ்சுவார்கள். மருந்து நேரே தொண்டைக்குப் போய்விடும். கசப்பு தெரிந்தாலே மருந்து தப்பான இடத்துக்குப் போயிற்று என்று அர்த்தம். தலை லேசாக முன்னால் குனிந்திருக்கட்டும், கால் கட்டை விரலைப் பார்ப்பதுபோல. முதலில் உப்புத் தண்ணீர், பிறகு மெதுவாக ஒரு பக்கம் ஒரு பக்கமாகச் சிந்துங்கள், ஐந்து பத்து நிமிடம் கழித்து மருந்து. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்போது முனை தானாக வெளிப்பக்கம், காதைப் பார்த்துத் திரும்பும். இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள நடுத்தண்டில் மருந்து பட்டுக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அழுத்தும்போது பூ வாசனை பார்ப்பதுபோல மெல்ல மூச்சு இழுத்தால் போதும். முனையைத் துடைத்து மூடுங்கள். ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும்.

ஆவி பிடிப்பதும் விக்ஸும்? ஆவி இதமாக இருக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை முன்னால் மட்டும் வைக்காதீர்கள். வெந்து போய் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விக்ஸில் இருக்கும் மெந்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிக் காற்று நன்றாகப் போவதுபோலக் காட்டும். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். மூக்குக்குள் தடவ வேண்டாம்.

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் சரியில்லை. அந்த நிறம் கிருமியோடு சண்டையிட வந்த வெள்ளணுக்களின் என்சைம் கொடுப்பது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் வரும். ஆனால் பத்து நாளுக்கு மேல் குறையவே இல்லை, அல்லது குறைந்து வந்தது திரும்பக் கூடியது, அல்லது கடும் காய்ச்சலோடு கன்னமும் நெற்றியும் வலிக்கிறது என்றால் பார்க்க வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆகவே வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரே பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு வருகிறதா என்று கவனியுங்கள். மேல்தாடைப் பல்லின் வேர்கூட சைனஸைக் கெடுக்கும். சர்க்கரை நோயும் இருந்து, கண்ணைச் சுற்றி வீக்கம், கன்னம் மரத்துப்போவது, மூக்கில் கறுப்புப் பொருக்கு என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 2021-இல் கறுப்புப் பூஞ்சையைப் பார்த்த பிறகு இதை இரண்டு தடவை சொல்வது என் வழக்கம்.

பையன் விஷயம். இந்த ஸ்ப்ரேயை இத்தாலியில் 12 வயதுக்குக் கீழும், பிரான்ஸில் 15 வயதுக்குக் கீழும் கொடுப்பதில்லை. சின்ன உடம்பில் இதே மருந்தின் படபடப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் தொடங்குங்கள். ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் மூக்கின் பின்பக்கம் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்க்க வேண்டும். வகுப்பில் தும்மல், மூக்கு தேய்ப்பது என்றால் அலர்ஜியாக இருக்கலாம். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் உள்ளே புளியங்கொட்டையோ பட்டாணியோ மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

மிச்ச மருந்தை அடுத்த ஜலதோஷத்துக்கு என்று பத்திரப்படுத்த வேண்டாம். திறந்த 20 நாளுக்குள் தீர்க்க வேண்டியது அது, பிபி இருக்கும் உங்களுக்குச் சரியான மருந்தும் இல்லை. ஆனால் டாக்டரைப் பார்க்கும் வரை தூக்கிப் போடாமல், பிபி மாத்திரை அட்டையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ரஷ்யத் தாளையும்தான். மகளைக் கேட்டு மருந்துகளின் பெயரைத் தமிழில் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.