வெங்காயத்தாள் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: போன வருடம் வாங்கி வைத்திருந்த வெங்காயத்தாள் விதையைப் பங்குனியில் மொட்டைமாடி குரோ பேக்கில் தூவினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. வந்ததும் நூல் போல நின்று, அடி அழுகிச் சாய்ந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?
– மதுரை வாசகி

பதில்: விதைக்கு வயதாகிவிட்டது. தக்காளி, கத்தரி விதை மூன்று வருடம்கூடத் தாங்கும். வெங்காய விதை அப்படியில்லை. நம் ஊர் வெக்கையில் அலமாரியில் ஒரு வருடம் கிடந்தாலே முளைப்புத்திறன் மளமளவென்று சரியும். அடுத்த முறை பாக்கெட்டின் பின்புறம் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் மடித்துப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். 14, 15 முளைத்தால் நல்ல விதை. பத்துகூடத் தேறவில்லையென்றால் கூசாமல் குப்பையில் போட்டுவிடலாம்.

அப்புறம் அந்தப் பங்குனி. இந்த விதை முளைக்க 20 முதல் 25 டிகிரி இதமானது. மதுரை மொட்டைமாடியில் பங்குனி மதியம் பை மண்ணைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே! புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரை விதையுங்கள். அடைமழை நாளில் மட்டும் நாற்றுத் தட்டைக் கூரைக்கடியில் இழுத்து வைத்தால் போதும்.

தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்த தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், விரல் இடைவெளி விட்டு விதையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளை கொக்கி போல வளைந்து வெளியே வரும். சிலதில் நுனியில் கறுப்பு விதைத்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கி உதவி செய்ய வேண்டாம், தானே நிமிரும்.

அடி அழுகிச் சாய்ந்தது நாற்றழுகல் நோய். நெருக்கமாகத் தூவி, மண் காயுமுன் மறுபடி ஊற்றினால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். விதைக்கும்போதே விதையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) பொடியைப் பிசறிவிடுங்கள். மேல்மண் லேசாக வெளுத்த பிறகு, காலையில் மட்டும் தெளியுங்கள்.

ஆறு வாரத்தில், நாற்று ஒரு சாண் வந்ததும், நாலு விரல் இடைவெளியில் பையில் நடலாம். வெள்ளைத் தண்டு நீளமாக வேண்டுமா? வளர வளர அடியில் மண் அணையுங்கள். வெளிச்சம் படாத பாகம்தான் வெளுக்கும்.

கடையில் 'ஸ்பிரிங் ஆனியன்' என்ற பெயரில் இரண்டு ரகம் கிடைக்கிறது. ஒன்று கிழங்கு கட்டாமல் தூர் கட்டும் உண்மையான தாள் வெங்காயம். இலையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்கும். மற்றது சாதாரண வெங்காயம்தான், இளசாகப் பிடுங்குவார்கள். அதன் இலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். திரும்பத் திரும்ப அறுக்க முதல் ரகமே நல்லது. அடியிலிருந்து இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

ஃபிரைடு ரைஸில் தூவப் பச்சைத்தாள் மட்டும் போதுமென்றால், விதையோடு மல்லுக்கட்டவே வேண்டாம். முளைவிட்ட சின்ன வெங்காயத்தை ஊன்றுங்கள். மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம்.

இலையில் வெள்ளிக் கீறல் தெரிந்தால் அது இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் இலை இடுக்கில் படும்படி அடியுங்கள்.