கருவி வாங்கினால் கல்வி இடைவெளி குறையுமா?

கேள்வி: பள்ளிகளுக்கு டேப்லெட் வாங்கக் கோடிக்கணக்கில் செலவிடுகிறார்களே, வசதியில்லாத பிள்ளைகளுக்கு உண்மையில் பயனுண்டா?

பதில்: கருவி மட்டும் வாங்கினால் இல்லை. பெரு நாட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுத்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. ஆய்வு நடந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் அப்போது இணையமே இல்லை.

சின்ன விஷயத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. 40 டேப்லெட் என்றால், ஒரே நேரத்தில் 40 சார்ஜர் செருக இடம் வேண்டும். பல வகுப்பறைகளில் இருப்பதோ இரண்டு பிளக் பாயிண்ட்தான். நீண்ட விடுமுறைக்கு முன் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். பேட்டரி காலியான நிலையில் அலமாரியில் பூட்டினால், பள்ளி திறக்கும்போது சார்ஜே ஏறாமல் போகலாம். பாடங்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுங்கள். டேட்டா இல்லாத வீட்டிலும் பிள்ளை திறந்து படிக்கும். ஆசிரியர் பயிற்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் ஒதுக்காத திட்டத்தை ஏற்காதீர்கள்.